பதினேழாம் நாள் பள்ளிக்கு வரும் பிள்ளை

மார்ச் மாதத்தில் பொதுத்தேர்வு தொடங்கிய சில நாட்களுக்குள் அந்தச் செய்தி வந்துவிடுகிறது. தந்தையின் உடல் வீட்டில் கிடக்கத் தேர்வறைக்குப் போன மாணவி. தாய்க்குக் கொள்ளி வைத்த கையோடு வினாத்தாளை வாங்கிய மாணவன். சீருடையும் ஹால் டிக்கெட்டும் அழுது வீங்கிய முகமுமாக ஒரு படம். தலைப்பில் 'மன உறுதி' என்றோ 'நெகிழ்ச்சி' என்றோ ஒரு சொல். முடிவுகள் வரும் நாளில் அதே பிள்ளையைத் தேடிப்போய், எத்தனை மதிப்பெண் என்று கேட்டு இன்னொரு செய்தி. பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் இதை ஆண்டுச் சடங்காகவே ஆக்கிவிட்டன.

அந்தப் பிள்ளை அன்றைக்கு ஏன் எழுத வேண்டியிருந்தது என்று எவரும் கேட்பதில்லை. எழுதாமல் வீட்டில் இருந்திருந்தால் அந்தப் பாடத்துக்கு நேரே வரவில்லை என்று பதிவாகும். பிறகு துணைத் தேர்வு. கூடப் படித்தவர்கள் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் தனியாக உட்கார்ந்து எழுத வேண்டும். இந்தக் கணக்கு தெரிந்த மாமாவோ சித்தப்பாவோ, "போய் எழுதிட்டு வாம்மா, அப்பா ஆசையும் அதுதானே" என்று பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் விடுகிறார். அவர்மேல் குற்றம் ஒன்றுமில்லை. மழை வெள்ளம் வந்தால் அரையாண்டுத் தேர்வையே தள்ளிவைக்கத் தெரிந்த கல்வித்துறைக்கு, அப்பா இறந்த பிள்ளைக்குப் பத்து நாள் கழித்துத் தனி வினாத்தாள் ஒன்று தரத் தெரியவில்லை. பிள்ளையின் உறுதியைப் பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு, துறையின் இந்த இறுக்கத்தைத்தான் ஆண்டுதோறும் மாலை போட்டு மறைத்துக்கொண்டிருக்கிறோம்.

தேர்வு நாள் ஒன்று மட்டும் சிக்கலாக இருந்தால் ஓர் அரசாணையில் தீர்த்துவிடலாம். ஆண்டு முழுக்க, எல்லா வகுப்புகளிலும் நடப்பதுதான் கவலை. 2023-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 18,347 பேர். அதற்கு முந்தைய ஆண்டு 17,884 பேர். 2022-இல் தற்கொலை செய்துகொண்டவர்கள் 19,834 பேர். நாட்டில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். மாரடைப்பு, புற்றுநோய், கல்லீரல் கெட்டுப்போய் இறந்தவர்கள் கணக்கு தனி. சாலை விபத்தில் இறப்போரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் 18 முதல் 45 வயதுக்குள் இருப்பவர்கள் என்கிறது நாடு முழுமைக்குமான மத்திய அரசின் அறிக்கை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் வயது அது. இறந்தவர் போனது இருசக்கர வாகனத்திலா காரிலா, தலைக்கவசம் போட்டிருந்தாரா இல்லையா என்பதெல்லாம் அந்த அறிக்கையில் இருக்கும். வீட்டில் எத்தனை பிள்ளைகளை விட்டுப்போனார் என்பதற்கு மட்டும் அதில் ஒரு கட்டம் இல்லை.

கொரோனாக் காலத்தில் ஒரு முறை எண்ணிப் பார்த்தோம், அதுவும் உச்ச நீதிமன்றம் கேட்டதால். 2020 ஏப்ரல் முதல் 2022 ஜனவரி வரை, எந்தக் காரணத்தாலாயினும், நாட்டில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகள் 10,094 பேர், ஒருவரை மட்டும் இழந்தவர்கள் 1,36,910 பேர் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் நீதிமன்றத்தில் தெரிவித்தது. இரண்டாம் எண் முதல் எண்ணைப்போலப் பதின்மூன்று மடங்குக்கும் மேல். ஆதரவற்ற பிள்ளை என்றதும் நமக்கு விடுதியும் இல்லமும்தான் நினைவுக்கு வருகின்றன. பெருங்கூட்டம் அங்கே இல்லை. அம்மாவோடோ பாட்டியோடோ வீட்டில் இருந்துகொண்டு, வழக்கமான சீருடையில், வழக்கமான பெஞ்சில், நம் கண்ணெதிரே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. வருவாய் ஈட்டும் பெற்றோர் விபத்தில் இறந்தால் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவருக்கு 75,000 ரூபாய் வைப்புநிதி தரும் திட்டம் பல ஆண்டுகளாக இருக்கிறது. 2021 மே மாதம் கொரோனாவுக்குப் பெற்றோர் இருவரையும் கொடுத்த பிள்ளைகளுக்கு 5 லட்சம், ஒருவரை இழந்தவர்களுக்கு 3 லட்சம் என்று அறிவிப்பு வந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் 65 பேருக்கு மேல் உயிரைக் குடித்தபோதும் பிள்ளைகளுக்கு வைப்புநிதி, படிப்புச் செலவு, பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கு 18 வயதுவரை மாதம் 5,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய 'அன்புக்கரங்கள்' திட்டத்தில் முதல் கட்டமாக 6,082 பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் போகிறது. இதையெல்லாம் குறைத்துப் பேசுவது வயிறு நிறைந்தவர் பேச்சு. சோறு முதலில். ஆனால் வங்கியில் போட்ட பணம் பிள்ளைக்குப் பதினெட்டு ஆகும்போதுதான் கைக்கு வரும். நாளைக் காலை ஒன்பதேகால் மணிக்குப் பிரார்த்தனைக் கூட்டத்தில் அவன் நிற்கும்போது, எதிரே நிற்கும் ஆசிரியர் அவனிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் ஒரு வரி இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பதினேழாம் நாள் வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். (பல வீடுகளில் அதற்கும் முன்பே அனுப்பிவிடுகிறார்கள், வீட்டில் இருந்தால் அழுதுகொண்டே இருப்பான் என்பது ஒரு காரணம், பள்ளியில் மதியம் சாப்பாடு கிடைக்கும் என்பது வெளியில் சொல்லாத காரணம்.) தந்தைக்குத் தலைமகன், தாய்க்குக் கடைமகன் கொள்ளி வைப்பது நம் வழக்கம். தலைமகனோ கடைமகனோ, இந்த வீடுகளில் அவன் பெரும்பாலும் பள்ளிப்பிள்ளை. எட்டு வயதிலும் பத்து வயதிலும் தோளில் மண்குடம் ஏந்திச் சிதையை மூன்று முறை சுற்றி, திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்தவன் அவன். தலை மொட்டை. அந்த ஒரு காரணத்தாலேயே அவனைப் பார்க்கும் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிடுகிறது. தெரிந்தும் பேச மாட்டார்கள். பின்பெஞ்சிலிருந்து ஒருவன் தலையைத் தட்டிச் சிரிப்பான். ஓர் ஆசிரியர் முதுகைத் தட்டி, "இனி நீதாம்பா குடும்பத்தைப் பாத்துக்கணும், அம்மாவ அழவிடக் கூடாது" என்பார். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொல்கிறார். பத்து வயதுப் பிள்ளையிடமிருந்து அழும் உரிமையை அந்த ஒரு வாக்கியம் பிடுங்கிக்கொண்டுவிடுகிறது.

பெண்பிள்ளைக்கு மொட்டை இல்லை. ஆகவே அவளுக்கு நேர்ந்தது வெளியே தெரிவதுமில்லை. அம்மாவின் தாலியை வாங்கும் சடங்கைக் கூட்டத்தின் இடுக்கில் நின்று பார்த்தவள் அவள். இறந்தது அம்மாவாக இருந்தால், மறுநாளிலிருந்து அடுப்பும் தம்பி தங்கையும் அவள் பொறுப்பு. முதல் பாடவேளைக்குத் தாமதமாக வருவாள். வீட்டுப்பாடம் முடித்திருக்க மாட்டாள். தாமதத்துக்கும் வீட்டுப்பாடத்துக்கும் பள்ளியில் ஏற்கெனவே தண்டனை இருக்கிறது. காரணத்தைக் கேட்கும் வழக்கம்தான் இல்லை.

நம் ஆசிரியர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. துக்க வீட்டுக்குப் போகிறார்கள், கையிலிருப்பதைச் சேர்த்து இறுதிச் செலவுக்குக் கொடுக்கிறார்கள், சிலர் அந்தப் பிள்ளையின் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் தாங்களே பணம் கட்டுகிறார்கள். ஊருக்கு ஊர் இப்படி ஒருவர் உண்டு. ஆனால் வகுப்பறைக்குள் அதே ஆசிரியர் வாயடைத்துப் போகிறார். பேச்சை எடுத்தால் அழுதுவிடுவானோ என்ற பயம். ஆசிரியர் தகுதித் தேர்வில் குழந்தை மேம்பாட்டுக்கு 30 மதிப்பெண் உண்டு. பியாஜேயின் நான்கு நிலைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார். அப்பாவைப் பறிகொடுத்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, "சார், அப்பா எப்ப வருவாரு?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று அவருக்கு எவரும் கற்றுத்தரவில்லை.

ஆறேழு வயது வரைக்கும் சாவு திரும்பி வராத ஒன்று என்பது பல பிள்ளைகளுக்கு முழுதாகப் பிடிபடுவதில்லை. 'சாமிகிட்ட போயிருக்கார்', 'தூங்குறார்', 'ஊருக்குப் போயிருக்கார்' என்று பெரியவர்கள் சொல்வதைப் பிள்ளை அப்படியே எடுத்துக்கொள்ளும். ஊருக்குப் போனவர் பேருந்தில் திரும்பி வர வேண்டும் என்று காத்திருக்கும். தூங்கியவர் எழவில்லை என்றால், இரவில் தானும் தூங்கப் பயப்படும். எட்டு, ஒன்பது வயதில் வேறொரு விஷம் உள்ளே போகிறது: நான் கோபத்தில் 'செத்துப்போ' என்று சொன்னேனே, அதனால்தானோ? நான் பிஸ்கட் கேட்டதால்தானே வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்? எவரிடமும் சொல்லாமல் அந்தக் குற்றவுணர்வைப் பிள்ளை வருடக்கணக்கில் சுமக்கும். பதின்வயதில் துக்கம் அழுகையாக வருவதே அரிது. சண்டையாக, எதிர்த்துப் பேசுவதாக, வகுப்பைக் கட் அடிப்பதாக, பீடி சிகரெட்டாக, படிப்பில் திடீர்ச் சரிவாக வரும். ஆண்பிள்ளையிடம் அது பெரும்பாலும் கோபம்தான்.

பள்ளி இந்தக் கோபத்தை ஒழுங்கீனம் என்ற ஒரே கணக்கில்தான் எழுதத் தெரிந்துவைத்திருக்கிறது. ஒழுங்கீனத்துக்கு நம்மிடம் உள்ள ஒரே மருந்து: "நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வந்தாத்தான் கிளாஸுக்குள்ள விடுவேன்." வகுப்பாசிரியருக்கு விஷயம் தெரியும், கணக்கு ஆசிரியருக்குத் தெரியாது, புதிதாக மாறுதலில் வந்தவருக்குத் தெரியவே வாய்ப்பில்லை. அந்த வாக்கியத்தைக் கேட்ட பிள்ளை, அப்பா இல்லை என்று நாற்பது பேர் முன்னால் சொல்வதைவிட மறுநாள் வராமல் இருப்பதைத் தேர்ந்தெடுக்கும். தொடர்ந்து வராத பிள்ளையின் பெயர், எமிஸ் என்ற கல்வித்துறையின் இணையப் பதிவேட்டில் 'காமன் பூல்' என்ற பொதுத் தொகுப்புக்குப் போய்விடுகிறது. அங்கிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ, கட்டட வேலைக்கோ, வடக்கே முறுக்குக் கம்பெனிக்கோ. பெண்ணாக இருந்தால் தாய்மாமன் வீட்டுக்கு, சீக்கிரத்திலேயே ஒரு கல்யாணத்துக்கு. இடைநிற்றலுக்கு வறுமை, ஆர்வமின்மை, இடம்பெயர்வு என்றெல்லாம் காரணம் எழுதுகிறோம். அந்தக் காரணங்களுக்கு அடியில் ஒரு சாவு இருக்கிறதா என்று தோண்டிப் பார்ப்பதில்லை.

நாளாக ஆக ஆறிவிடும் என்பது நம் நம்பிக்கை. பிள்ளைகள் விஷயத்தில் அது அவ்வளவு நேராக நடப்பதில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் வில்லியம் வோர்டனும் ஃபிலிஸ் சில்வர்மனும் தாயையோ தந்தையையோ இழந்த 70 குடும்பங்களின் 125 பிள்ளைகளை இரண்டாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பெரும்பாலான பிள்ளைகள் தாங்கிக்கொண்டார்கள். இதைச் சொல்லாமல் விடக்கூடாது, துக்கம் நோய் இல்லை. ஆனால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பிள்ளைக்குப் பெரிய சிக்கல்கள் இருந்தன. இறப்பு நிகழாத வீட்டுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால், அந்த இடைவெளி முதலாண்டு முடிவில் இருந்ததைவிட இரண்டாம் ஆண்டு முடிவில்தான் பெரிதாகத் தெரிந்தது. ஜப்பானில் 1995 ஜனவரியில் கோபே நகரம் நிலநடுக்கத்தில் சரிந்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, ஹியோகோ மாகாணம் பிள்ளைகளின் மனநிலையைக் கவனிப்பதற்கென்றே பள்ளிகளில் கூடுதல் ஆசிரியர்களை நியமித்து, கவனிப்பு தேவைப்படும் பிள்ளைகளை ஆண்டுதோறும் எண்ணியது. மூன்றாண்டு கழிந்தும் அந்த எண்ணிக்கை இறங்கவில்லை. அந்த ஆசிரியர்களை அவர்கள் அடுத்த ஆண்டே திருப்பி அழைத்துக்கொள்ளவில்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

நம் பள்ளியில் இரண்டாம் ஆண்டு என்றால் என்ன? ஜூன் மாதம் வகுப்பு மாறும். புது ஆசிரியர், புதுப் பதிவேடு. எட்டாம் வகுப்பு முடிந்தால் பள்ளியே மாறும். மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளம் இரண்டு எழுதுகிறோம், மச்சம் எங்கே இருக்கிறது என்று சொல்கிறோம். பிள்ளையின் தலையில் முடி வளர்ந்துவிடும். அவனுக்கு என்ன நடந்தது என்று அறிந்தவர் எவரும் அந்தக் கட்டடத்தில் இல்லாத நாளில்தான், முதல் திதி வருகிறது. துக்கம் திரும்ப ஏறும் வேளையும் பள்ளியின் நினைவு அற்றுப்போகும் வேளையும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. அபாயச் சங்கை ஊதச் சொல்வது இந்த இடத்துக்காகத்தான்.

இறந்தவர் எப்படி இறந்தார் என்பதற்கேற்ப இந்தச் சுமை கூடும். சாலை விபத்து என்றால் ஊர் இரங்கும். கருணாபுரத்துப் பிள்ளைக்கு அது கிடைக்காது. 'சாராயம் குடிச்சுச் செத்தவன் மகன்' என்ற ஏச்சு, சாதி ஏச்சோடு சேர்ந்து விளையாட்டுத் திடலில் காத்திருக்கும். தற்கொலையில் போன அம்மாவைப் பற்றி ஊரே ஒரு கதை வைத்திருக்கும். அந்தக் கதையின் துண்டுகளை வகுப்புத் தோழர்கள் வீட்டிலிருந்து கொண்டுவருவார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அழக்கூட வெட்கமாக இருக்கிறது. விபத்து என்றால்தான் 75,000 ரூபாய் என்று திட்டமும் சாவுகளைத் தரம் பிரித்துத்தான் வைத்திருக்கிறது.

பள்ளியே துக்க வீடாகும் நாட்களும் உண்டு. கோடையில் கிணற்றிலும் கல்குவாரிக் குட்டையிலும் மூழ்கிப்போன பிள்ளை, பாம்பு கடித்த பிள்ளை, தேர்வு முடிவு வந்த மாலையில் உயிரை விட்ட பிள்ளை. 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் கூட்ட நெரிசலில் இறந்த 41 பேரில் பள்ளிப்பிள்ளைகளும் இருந்தார்கள். நாம் செய்வது ஒரு நாள் விடுமுறை, மாலை போட்ட படம், இரண்டு நிமிட மௌனம். மறுநாள் பாடம் தொடரும். காலியான இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை எவரும் எதுவும் கேட்பதில்லை. தற்கொலை என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும்: மறைப்பதும் தவறு, தியாகிபோல் கொண்டாடிப் பேனர் கட்டுவதும் ஆபத்து. இரண்டுக்கும் நடுவில் எப்படிப் பேசுவது என்பது கற்றுக்கொள்ளக்கூடிய கலைதான், கற்றுத்தர ஆள் வேண்டும்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியொன்றில் 94 பிள்ளைகள் தீயில் கருகினார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாடு பள்ளிக் கூரைகளைப் பற்றி நிறையக் கற்றுக்கொண்டது. கீற்றுக் கொட்டகைகள் போயின, தீயணைப்புத் துறைச் சான்று வந்தது, வெளியேறும் வழியை அளந்து பார்க்கிறார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சுனாமி நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் வாரிக்கொண்டு போனது. அப்போது பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தார் வந்து ஆசிரியர்களுக்கும் ஊர்த் தொண்டர்களுக்கும் பிள்ளைகளின் துக்கத்தைக் கையாளப் பயிற்சி கொடுத்தார்கள். கட்டடம் பற்றிய பாடம் நிரந்தர விதியாயிற்று. மனம் பற்றிய பாடம் நிவாரண முகாம்களோடு கலைந்துபோயிற்று. அன்று பயிற்சி பெற்ற ஆசிரியர்களில் பலர் இன்று ஓய்வு பெற்றிருப்பார்கள். அவர்கள் கற்றதை அடுத்தவருக்குக் கைமாற்ற ஓர் ஏற்பாடும் நாம் செய்யவில்லை. பாக் நீரிணைக்கு அப்பால், போர் நடந்துகொண்டிருந்த யாழ்ப்பாணத்தில், மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் 'சாந்திகம்' போன்ற அமைப்புகளும் தமிழிலேயே உளநல நூல்களும் பயிற்சிகளும் உருவாக்கினார்கள். தமிழில் இதற்குச் சொல்லும் முறையும் இல்லை என்று இங்கே எவரும் சாக்குச் சொல்ல முடியாது.

இப்போது சட்டமும் சும்மா இருக்க விடவில்லை. 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 17 வயது மாணவி இறந்த வழக்கில், நாட்டின் எல்லாக் கல்வி நிறுவனங்களுக்கும் பொருந்தும் 15 நெறிமுறைகளை வகுத்தது. நூறு மாணவரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் தகுதியுள்ள ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும். ஆசிரியர்களுக்கும் மற்றப் பணியாளர்களுக்கும் ஆண்டுக்கு இரு முறையாவது மன முதலுதவிப் பயிற்சி தர வேண்டும். தனிச்சட்டம் வரும்வரை இதுவே சட்டம். தற்கொலைத் தடுப்பை மனத்தில் வைத்து எழுதியதுதான் என்றாலும், துக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கும் இதே கதவுதான் திறக்க வேண்டும்.

ஆனால் அந்த 'நூறு' என்ற எண்ணைப் பாருங்கள். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகள் 37,000-க்கு மேல். கிராமத்துத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் இரண்டே ஆசிரியர்கள். பிள்ளைகள் முப்பதோ நாற்பதோ. அத்தகைய பள்ளிகளுக்கு நெறிமுறை சொல்வது வெளியிலுள்ள வல்லுநர்களோடு முறையான தொடர்பு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான். முறையான தொடர்பு என்று நம்மூரில் சொன்னால், தலைமையாசிரியர் அறைச் சுவரில் 14417, 1098, 14416 என்ற உதவி எண்களை ஒட்டிவைப்பது என்று பொருள். அந்த எண்கள் நல்லவை, மறுமுனையில் எடுப்பவர்களும் நல்லவர்கள். எட்டு வயதுப் பிள்ளை, சொந்தமாகப் போன் இல்லாத பிள்ளை, எந்த எண்ணுக்கும் கூப்பிடப்போவதில்லை. பத்தாண்டுகளுக்கு முன்பு நடமாடும் உளவியல் ஆலோசனை மையங்கள் என்று பத்து வண்டிகள் விட்டார்கள். ஒரு வண்டிக்கு மூன்று நான்கு மாவட்டம். துக்கம் வண்டி வரும் தேதிக்குக் காத்திருக்குமா?

ஆசிரியர்கள் ஏற்கெனவே எமிஸ் பதிவு, தேர்தல் பணி, நலத்திட்டப் பட்டியல் என்று மூச்சுவிட முடியாமல் இருக்கிறார்கள், இதுவும் அவர்கள் தலையில்தானா என்று சங்கங்கள் கேட்கும். நியாயமான கேள்வி. அதனால்தான் ஒவ்வோர் ஆசிரியரையும் உளவியலாளர் ஆக்கச் சொல்லவில்லை. அருகருகே உள்ள பள்ளிகளை இணைக்கும் குறுவள மையத்துக்கு ஒருவர் நன்கு பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். அவருக்கு அதற்கான பாடவேளைக் குறைப்பு வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவரின் பெயரும் எண்ணும் அவர் கையில் இருக்க வேண்டும். மற்ற ஆசிரியர்களுக்கு ஓர் அரைநாள் பயிற்சி போதும். கற்க வேண்டியது அவ்வளவு பெரிய வித்தை இல்லை. பிள்ளை திரும்பி வருவதற்கு முந்தைய நாள், மற்றப் பிள்ளைகளிடம் என்ன நடந்தது என்று மறைக்காமல் சொல்லி, கேலி செய்யக் கூடாது என்று பேசி வைப்பது. வந்த பிள்ளையைத் தனியே அழைத்து, "அப்பா இறந்துட்டார்னு தெரியும்பா. பேசணும்னு தோணினா வா, பேச வேண்டாம்னா பேச வேண்டாம்" என்று சொல்வது. 'இறந்துவிட்டார்' என்ற சொல்லை விழுங்காமல் சொல்வது. அழுகை வந்தால் கேட்காமல் எழுந்து வெளியே போக அனுமதி. சில மாதங்களுக்கு வீட்டுப்பாடத்தில் தளர்வு, ஆனால் வகுப்பில் வேலை கொடுக்காமல் ஓரத்தில் உட்காரவைப்பது கூடாது. வழக்கமான நாள் என்பதே பிள்ளைக்கு ஒரு பிடிமானம். தமிழ் வகுப்பில் 'என் தந்தை' என்று கட்டுரை எழுதச் சொல்லும் நாளில் அந்தப் பிள்ளைக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை.

இத்தோடு சாப்பிட முடியவில்லை, உறங்க முடியவில்லை, நானும் அப்பாகிட்டயே போறேன் என்கிறான் என்றால் அது ஆசிரியரின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். எது தன் வேலை, எது தன் வேலையில்லை என்று ஆசிரியருக்குத் தெரிவதுதான் பயிற்சியின் பாதி.

பள்ளிக் கல்வித்துறை வரும் ஜூன் பள்ளி திறப்பதற்குள் செய்யக்கூடியவை உண்டு. இறப்பு நேர்ந்த பிள்ளை பற்றிய ஒரு குறிப்பை, வகுப்பு மாறும்போதும் பள்ளி மாறும்போதும் தலைமையாசிரியரிடமிருந்து தலைமையாசிரியருக்கு மூடிய உறையில் கைமாற்றுவது. எமிஸில் ஏற்றி எல்லோரும் பார்க்கும்படி ஆக்குவதைவிட இது மேல், பிள்ளையின் அந்தரங்கமும் காக்கப்படும். அந்தக் குறிப்பு மூன்றாண்டு உயிரோடு இருக்க வேண்டும். இறந்த நாள் அதில் இருக்க வேண்டும். விண்ணப்பங்களிலும் முன்னேற்ற அறிக்கையிலும் 'தந்தை கையொப்பம்' என்ற இடம் 'பெற்றோர் அல்லது பாதுகாவலர்' என்று மாற வேண்டும். 'அப்பாவைக் கூட்டிட்டு வா' என்பது வகுப்பறையிலிருந்தே போக வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழு கூடும்போது, ஊரில் அந்த மாதம் எந்த வீட்டில் சாவு, அங்கே பள்ளிப்பிள்ளை உண்டா என்று ஒரு கேள்வி. ஊராட்சியில் இறப்பைப் பதிவு செய்பவருக்கு அது தெரியும், பள்ளிக்குத்தான் தெரிவதில்லை. கிடைக்கக்கூடிய உதவித்தொகைக்கான படிவத்தைப் பள்ளியே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். கணவனை இழந்தவள் சான்றிதழ் கேட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் நாட்களில்தான் பிள்ளை வீட்டில் தனியாக இருக்கிறது.

தேர்வுத்துறையும் தன் பங்கைச் செய்ய வேண்டும். தாய், தந்தை, உடன்பிறந்தோர் இறந்து பதினாறு நாட்களுக்குள் பொதுத்தேர்வு வந்தால், அந்தப் பாடங்களை அதே பருவத்தில், தோல்வி என்ற பேச்சே இல்லாமல், பிறகொரு நாளில் எழுத வகை செய்யும் அரசாணை ஒன்று வேண்டும். விண்ணப்பத்தோடு இறப்புச் சான்று கேட்கக் கூடாது; அது கைக்கு வரவே பல நாள் ஆகும். தலைமையாசிரியரின் ஒரு கடிதம் போதும் என்று அந்த ஆணையிலேயே எழுதட்டும்.